பூட்டிய பெட்டியில் தமிழ்

(ஊத்துக்கோட்டையில் நடைபெற்ற கூட்டமொன்றில் அச்சுக்கோப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)

  

எனக்கு மேடைப் பழக்கம் இல்லை. நான் அச்சுக்கோப்பாளன். பதினாறு அகவையில் ஈய எழுத்துகளைப் பொறுக்கத் தொடங்கிய கை இது. பின்னர்க் கணினி வந்தது. ஈயத்தை எடைக்குப் போட்டுவிட்டு விசைப்பலகைமுன் உட்கார்ந்தேன். இன்றும் அதன்முன்தான் உட்கார்ந்திருக்கின்றேன். ஆகவே நான் பேசப்போவது என் தொழிலைப் பற்றி. ஆனால் அது உங்கள் அனைவரின் வீட்டுப் பெட்டிக்குள்ளும் இருக்கின்ற ஒன்றைப் பற்றியது என்பதைப் போகப்போக உணர்வீர்கள்.

தூய தமிழுக்காக நாம் எவ்வளவோ உழைத்திருக்கின்றோம். 'வருடம்' என்று வந்தால் 'ஆண்டு' என்று திருத்தினோம். 'விவசாயம்' என்று வந்தால் 'வேளாண்மை' என்று மாற்றினோம். நான் வேலை பார்த்த அச்சகத்து எழுத்துப்பெட்டியில் கிரந்த எழுத்துகளுக்குரிய அறைகள் தூசி படிந்தே கிடந்தன. அவ்வறைகளில் கைவைக்கும் தேவை எனக்கு வந்ததில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பெருமையோடு நான் செய்த ஒரு பெரும்பிழையை இன்று உங்கள்முன் ஒப்புக்கொள்ள வந்திருக்கின்றேன்.

இப்பகுதியில் பள்ளியாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். பெயரைச் சொல்ல வேண்டா என்று அவர் குடும்பத்தார் கேட்டுக்கொண்டமையால் சொல்லவில்லை. ஆரணியாற்றுக்கும் கொற்றலையாற்றுக்கும் இடைப்பட்ட ஊர்களில் மிதிவண்டியில் சென்று, ஏரிக்கரையிலும் களத்துமேட்டிலும் உட்கார்ந்து, உழவர் வாயில் வழங்கும் சொற்களைத் தாள்நறுக்குகளில் எழுதித் தொகுத்தவர் அவர். ஏரி நிறைந்த மாவட்டம் நம்முடையது. மதகு, தூம்பு, கலிங்கு என்று ஏரியின் ஒவ்வோர் உறுப்புக்கும் இங்கே பெயர் உண்டு. அவ்வுறுப்புகளின் உறுப்புகளுக்கும் பெயர் உண்டு. எல்லையூர் ஆகையால், தெலுங்கு பேசும் வீடுகளிலும் அச்சொற்கள் எவ்வாறு நிலைத்திருக்கின்றன என்பதையும் அவர் குறித்து வைத்திருந்தார். அகரமுதலாக அதை நூலாக்க விரும்பி 1996இல் என்னிடம் வந்தார்.

நான் கணினியில் கோத்துக் கொடுத்தேன். அகரத்திலிருந்து மகரம் வரை என் கையால் அடித்தேன். இடையில் என் கணினி பழுதுபட்டது. எஞ்சியதை அவர் வேறொரு கடையில் கொடுத்து அடித்துக்கொண்டார். அச்சிடப் பணம் சேரவில்லை. மூன்று நெகிழ்வட்டுகளில் நூல் அவர் வீட்டு அலமாரியில் தங்கிவிட்டது. தாள்நறுக்குகளைக் கரையான் தின்றது. "கணினியில்தான் ஏறிவிட்டதே, இனிக் கவலை இல்லை" என்று நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். அந்தச் சொல் இன்றும் என்னைச் சுடுகின்றது.

அவர் மறைந்தபின், சென்ற ஆண்டு, அவர் மகன் அந்த மூன்று வட்டுகளையும் ஒரு துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தார். நெகிழ்வட்டைப் படிக்கும் கருவிக்கே அலைய வேண்டியிருந்தது. அது கிடைத்தது. வட்டுகளும், நல்வினைப் பயனோ என்னவோ, கெட்டுப்போகவில்லை. கோப்புகள் மூன்றும் முழுமையாக இருந்தன. ஆனால் அவற்றைத் திறக்க முடியவில்லை. அப்பக்கங்களை அமைத்த மென்பொருளை இப்போது எவரும் விற்பதில்லை. அது எந்த முறையில் கோப்பை எழுதி வைத்தது என்பதை அதை ஆக்கியவர்கள் வெளியே சொன்னதும் இல்லை. ஒருவாறு உள்ளிருந்த எழுத்துகளை மட்டும் உருவி எடுத்தோம். வந்தது தமிழ் அன்று. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் குறிகளும் கலந்த குப்பை.

இது ஏன் நேர்ந்தது என்பதைச் சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

கணினிக்கு எழுத்துத் தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து வைக்கின்றோம். அன்றைய எழுத்துருக்களில் இருந்த இடங்கள் 256. அவற்றுள் முதற்பாதி ஆங்கிலத்துக்கு என்று உலகம் ஒப்புக்கொண்டிருந்தது. தமிழுக்கு எந்த இடம் என்று ஒப்பந்தம் இல்லை. எனவே எழுத்துரு செய்து விற்ற ஒவ்வொருவரும் தத்தம் விருப்பம்போல் ககரத்தை ஓரிடத்தில் வைத்தனர், மகரத்தை ஓரிடத்தில் வைத்தனர். பலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தனர். ஈழத்தாரிடையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையிலும் பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'தமிழ்' என்று அடித்தால், திரையில் தெரிவது தமிழ்தான். ஆனால் கோப்பினுள் பதிந்திருப்பது எது? ஆங்கில நெடுங்கணக்கின் பத்தாம் எழுத்து, பதினோராம் எழுத்து, பதினாறாம் எழுத்து, பதினைந்தாம் எழுத்து, இறுதியில் ஓர் அரைப்புள்ளி! எழுத்துருவை எடுத்துவிட்டால் நம் மொழியின் பெயரே அங்கு இல்லை. மேலே தமிழ்ச்சட்டை, உள்ளே உரோமன் உடல். ஒரு கிரந்த எழுத்து வந்தால் துடித்துப் போகின்ற நாம், நம் நூல்கள் முழுவதையும் இவ்வாறு எழுதி வைத்துவிட்டுத் தூய தமிழ் எழுதியதாக இறுமாந்திருந்தோம்.

இது முதற்பூட்டு. இதன்மேல் இரண்டாம் பூட்டு ஒன்று உண்டு. எழுத்து மட்டும் ஆவணம் ஆகாது. எது தலைப்பு, எது பத்தி, எது அட்டவணை, எங்கே அடிக்குறிப்பு என்பனவற்றையும் கோப்பினுள் எழுதி வைக்க வேண்டும். அதற்குரிய முறையைத்தான் ஆவண வடிவம் என்கின்றோம். அம்முறையை ஒரு நிறுவனம் தன் மடியில் முடிந்து வைத்துக்கொண்டால் அது மூடிய வடிவம். எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டு, எவர் வேண்டுமாயினும் கட்டணமின்றி அதன்படி மென்பொருள் செய்யலாம் என்று விட்டால் அது திறந்த வடிவம்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலிருந்து வந்திருக்கும் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டறையில் போல்ட்டு, நட்டு என்று சொல்கின்றீர்களே, அந்த மரையாணியையும் மரையையும் எண்ணிப் பாருங்கள். எட்டு மில்லிமீட்டர் ஆணி என்றால் அதன் வழக்கமான புரியிடை 1.25 மில்லிமீட்டர். இது உலகறிந்த அளவு. ஆணியை ஒருவர் செய்கின்றார்; மரையை எங்கோ இன்னொருவர் செய்கின்றார்; இரண்டும் பொருந்துகின்றன. ஆணி செய்தவர் கடையை மூடிவிட்டாலும் உங்கள் பொறி நிற்பதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் புரியிடையைக் கமுக்கமாக வைத்துக்கொண்டிருந்தால், ஒரு மரை தொலைந்ததற்காகப் பொறி முழுவதையும் மாற்றியிருப்பீர்கள். எங்கள் தொழிலில் அதுதான் நடந்தது.

ஓலைச்சுவடியை நினைத்துப் பாருங்கள். ஓலையில் பெரும்பாலும் புள்ளி இராது. எகரம் ஏகாரம் வேறுபாடு இராது. சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. ஆயினும் தாமோதரனாரும் சாமிநாதரும் அவற்றைப் படித்து நூலாக்கினர். சிந்தாமணி 1887இல் அச்சேறியது. எப்படி முடிந்தது? எழுத்தின் வடிவம் எவருடைய தனியுடைமையும் அன்று; தமிழறிந்த எவரும் முயன்றால் படிக்கலாம். பல நூற்றாண்டு பழைய ஓலை, படியெடுத்துப் படியெடுத்து நம் கைக்கு வந்தது. முப்பதாண்டுகூட நிறையாத என் கோப்பு வரவில்லை!

நமக்கு மட்டும் நேர்ந்த கேடு அன்று இது. இங்கிலாந்தில் 1086இல் அரசன் ஆணையால் நிலமும் உடைமையும் கணக்கெடுத்துத் தோலில் எழுதிய தூம்சுடே என்னும் ஏடு இன்றும் படிக்கக் கிடைக்கின்றது. அதன் 900ஆம் ஆண்டு நினைவாக 1986இல் பி.பி.சி. நிறுவனம் நாடு முழுவதும் செய்தி திரட்டிப் புதியதோர் ஏட்டை ஒளிவட்டில் பதிந்தது. இருபதாண்டு ஆவதற்குள் அவ்வட்டைப் படிக்கும் கருவி அரிதாகிவிட்டது. அதை மீட்பதற்கென்றே அறிஞர்கள் தனியே உழைக்க வேண்டியதாயிற்று. அங்கே ஆளும் பணமும் இருந்தன, மீட்டனர். ஓய்வுபெற்ற ஆசிரியரின் நூலுக்கு யார் வருவர்?

இனி நல்ல செய்தி ஒன்று சொல்கின்றேன். எல்லாத் தமிழரும் என்னைப்போல் ஏமாந்துவிடவில்லை. 1998இல் உலகத் தமிழர் சிலர் சேர்ந்து மதுரைத் திட்டம் என்ற பெயரில் பழந்தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி, ஊதியமின்றி, எல்லார்க்கும் இலவயமாக வழங்கத் தொடங்கினர். சுவிட்சர்லாந்திலிருந்த அறிஞர் கு. கலியாணசுந்தரனார் அதற்குத் தலைநின்றார். ஒருங்குறிக்கு முன் அவர்கள் பயன்படுத்திய குறியீடு தகுதரம் எனப்படும் திசுக்கி. எந்த எண்ணில் எந்த எழுத்து என்ற அதன் அட்டவணை தமிழர் தமக்குள் வெளிப்படையாகப் பேசி முடிவு செய்தது, எவரும் பார்க்கலாம். எனவே பின்னர் ஒருங்குறி வந்தபோது, அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு நூல்களை மாற்ற முடிந்தது. அவர்கள் நூல்கள் பிழைத்தன. என் நூல் சிதைந்தது. அவர்கள் மென்பொருள் என்னுடையதைவிட விலையுயர்ந்தது என்பதனால் அன்று. அவர்களுடைய அட்டவணை திறந்திருந்தது, என்னுடையது மூடியிருந்தது.

தமிழக அரசும் வாளா இருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். 1999 பிப்பிரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்து, தமிழ்99 விசைப்பலகையும், தாம், தாபு என்னும் எழுத்துருக் குறியீடுகளும் அரசின் செந்தரங்கள் ஆயின. 2010 சூன் திங்களில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது, ஒருங்குறியே இனிச் செந்தரம் என்றும், அது இயலாத இடத்தில் தமிழ் அனைத்தெழுத்துக் குறியீட்டைப் பயன்படுத்தலாம் என்றும் ஆணை பிறந்தது. ஒருங்குறியில் தகரத்துக்கு 2980, மகரத்துக்கு 2990, ழகரத்துக்கு 2996. இது சென்னையிலும் அதே எண், யாழ்ப்பாணத்திலும் அதே எண், கோலாலம்பூரிலும் அதே எண். வேறெந்த மொழியின் எழுத்துக்கும் அவ்வெண் இல்லை. உள்ளும் தமிழ், புறமும் தமிழ்.

இங்கே நம்மவர் சிலர் முகஞ்சுளிப்பதை நான் பார்க்கின்றேன். "ஒருங்குறி தமிழுக்கு அநீதி இழைத்ததல்லவா? 247 எழுத்துக்கும் தனியிடம் தரவில்லையே! மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆவது நம் இலக்கணம். அவர்களோ உயிர்மெய்யை முதலாக வைத்துப் புள்ளியிட்டு மெய்யை ஆக்குகின்றார்களே!" என்பீர்கள். உண்மை. நானும் அந்த வருத்தம் உடையவனே. வடவெழுத்து முறைகளுக்காக வகுத்த சட்டத்தில் தமிழைத் திணித்ததன் விளைவு அது. அனைத்தெழுத்துக் குறியீடு அக்குறையைத் தீர்க்கின்றது என்பதும் மெய். ஆனால் அது தனிப்பயன் இடத்தில் அமைந்திருப்பதால், உலகின் பிற மென்பொருள்கள் அதைத் தமிழென்று அறியமாட்டா. குறையுள்ள பொதுவழி, குறையற்ற தனிவழி, இவ்விரண்டில் எதைத் தேர்வது என்று என்னைக் கேட்டால், மூன்று வட்டுகளோடு வந்து நின்ற அந்த மகனின் முகத்தை நினைத்துக்கொண்டு, பொதுவழியையே சொல்வேன்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். 2010இல் கிரந்த எழுத்துகளுக்கு ஒருங்குறியில் இடங்கேட்டு முன்மொழிவுகள் சென்றன. அக்கிரந்தத் தொகுதிக்குள் எ, ஒ, ழ, ற, ன ஆகிய தமிழெழுத்துகளையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருந்தனர். தமிழறிஞர் எதிர்த்தனர், தமிழக அரசும் எதிர்ப்பைத் தெரிவித்தது. 2014இல் கிரந்தம் ஒருங்குறியில் சேர்ந்தபோது அவ்வெழுத்துகள் அதில் இல்லை. அம்முன்மொழிவுகள் நம் கண்ணில் எப்படிப் பட்டன? செந்தரம் வெளிப்படையாக வகுக்கப்படுவதால் பட்டன. ஒரு நிறுவனத்தின் அறைக்குள் அது நடந்திருந்தால், விற்பனைக்கு வந்தபின்தான் நமக்குத் தெரிந்திருக்கும். திறந்த செந்தரம் நமக்கு எப்போதும் நன்மையே செய்யும் என்று நான் சொல்லவில்லை; வழக்காடுவதற்கு வாயிலாவது திறந்திருக்கும்.

எழுத்தின் பூட்டு இவ்வாறு பெரும்பாலும் கழன்றது. ஆவண வடிவின் பூட்டோ இன்னும் பலருடைய வீட்டில் தொங்குகின்றது. நம் நாட்டில் பெரும்பாலோர் பயன்படுத்திய வேர்டு மென்பொருளின் பழைய 'டாக்' கோப்பு எவ்வாறு அமைந்தது என்பதை மைக்ரோசாப்டு நிறுவனம் எவரும் தடையின்றிப் படித்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டது 2008 பிப்பிரவரியில். அதற்குமுன் பிறர் அக்கோப்பைத் திறக்கச் செய்தவை எல்லாம் பெரிதும் தட்டுத்தடுமாறிக் கண்டவையே.

இதற்கு மாற்றாக வந்ததுதான் திறந்த ஆவண வடிவம், சுருக்கமாக ஓ.டி.எப். என்பர். 2005இல் வகுக்கப்பட்டு, 2006இல் உலகச் செந்தர அமைப்பின் 26300ஆம் எண் செந்தரமாயிற்று. அதற்குப் போட்டியாக மைக்ரோசாப்டு தன் புதிய வடிவத்தையும் செந்தரமாக்கக் கொண்டுவந்தபோது, 2007இல் இந்தியத் தர அமைவனம் இசைவில்லை என்றே வாக்களித்தது. 2008இல் அது செந்தரமாக ஏற்கப்பட்டதும், இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலா ஆகிய நான்கு நாடுகள் முறையீடு செய்தன. முறையீடு தள்ளப்பட்டது. தில்லியைப் பாராட்ட எனக்கு அடிக்கடி வாய்ப்புக் கிடைப்பதில்லை. அன்று எடுத்த நிலை நேரியது, பாராட்டுகின்றேன். 2010 நவம்பரில் நடுவணரசு மின்னாளுகைக்கான திறந்த செந்தரக் கொள்கையையும் வெளியிட்டது. செந்தரத்தின் ஆவணம் எவர்க்கும் கிடைக்க வேண்டும். அதற்கு உரிமைப்பணம் கூடாது. ஊதியநோக்கமற்ற அமைப்பு அதைப் பேண வேண்டும் என்பன அதன் கூறுகள். இங்கிலாந்து அரசும் 2014 சூலையில் தன் அலுவலகங்களில் திருத்தக்கூடிய ஆவணங்களுக்கு ஓ.டி.எப். வடிவையே விதித்தது.

கொள்கை இருந்தால் போதுமா? நம் ஊருக்கு அருகில்தான் கண்டலேற்றிலிருந்து பூண்டிக்கு வரும் கால்வாய் தமிழக எல்லைக்குள் நுழைகின்றது. அங்கே நீரைக் கன அடியில் அளக்கின்றனர். ஆந்திரத்தார்க்கும் நமக்கும் ஒரே அளவை. அதனால்தான் குறைந்தால் கேட்க முடிகின்றது. தமக்கு மட்டும் தெரிந்த குடத்தால் அளப்போம் என்று ஒருவர் சொன்னால் நாம் ஒப்புவோமா? ஆனால் நம் பிள்ளைகளின் பள்ளிக்கோ, ஊராட்சிக்கோ வருகின்ற கோப்பு எந்தக் குடத்தால் அளந்தது என்று எவரேனும் கேட்கின்றோமா?

இப்போது ஒன்று செய்து காட்டுகின்றேன். திரையைப் பாருங்கள். இது நான் இன்று காலை லிபர் ஆபீசு என்ற மென்பொருளில் அடித்த கடிதம். அம்மென்பொருளுக்கு விலை இல்லை. தமிழ் முகப்போடும் கிடைக்கின்றது. கோப்பின் பெயர் ஓ.டி.டி. என்று முடிகின்றது. அம்முடிவை அழித்துவிட்டுச் சிப் என்று மாற்றுகின்றேன். திறக்கின்றேன். உள்ளே சில சிறு கோப்புகள் இருக்கின்றன அல்லவா? ஒன்றில் எழுத்தின் அளவும் அணியும். ஒன்றில் எழுதியவர், எழுதிய நாள். இதோ, இதில்தான் உள்ளடக்கம். மிக எளிய எழுத்துக்காட்டியால் திறக்கின்றேன். கோணற்குறிகளுக்கு நடுவே, பாருங்கள், நான் எழுதிய தமிழ் அப்படியே! லிபர் ஆபீசு நாளை அழிந்தாலும் இக்கடிதம் அழியாது. ஐம்பதாண்டு கழித்து ஒரு மாணவன் கூட இதைப் பிரித்துப் படித்துவிடுவான்.

வேர்டு மென்பொருளை விட்டுவிட வேண்டும் என்றும் நான் வற்புறுத்தவில்லை. 2009 முதலே அது இவ்வடிவில் சேமிக்கவும் திறக்கவும் வல்லது. சேமிக்கும்போது வடிவத்தை மாற்றித் தேர்ந்தால் போதும். பி.டி.எப். ஆக்கி வைத்திருக்கின்றோமே என்பார் சிலர். அதுவும் 2008 முதல் உலகச் செந்தரந்தான். ஆனால் அது அச்சிட்ட தாளைப்போல் படிப்பதற்கு உரியது, திருத்துவதற்கு உரியதன்று. பழைய எழுத்துருவில் அடித்து ஆக்கிய பி.டி.எப்.பில் 'மதகு' என்று தேடிப் பாருங்கள்; பெரும்பாலும் கிடைக்காது.

அந்த நூல் என்னாயிற்று என்று கேட்பீர்கள். முதலிரண்டு வட்டுகளும் நான் அடித்தவை. அந்த எழுத்துருவின் விசைகள் என் விரல்களுக்கு மறக்கவில்லை. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று கண்ணை மூடிக்கொண்டு அடித்தடித்து ஓர் அட்டவணை எழுதினேன். இரண்டு இளைஞர்கள் அதை வைத்துச் சிறு நிரல் எழுதி ஒருங்குறிக்கு மாற்றினர். பிழைகளைத் திருத்த ஐந்து திங்கள் ஆயின. அகரத்திலிருந்து மகரம் வரை இன்று ஓ.டி.டி. கோப்பாக இருக்கின்றது.

மூன்றாம் வட்டு மற்றக் கடையில் அடித்தது. அந்த எழுத்துரு எது என்று தெரியவில்லை. கடையும் இல்லை, கடைக்காரரும் இல்லை. அதில் இருப்பது யகரமுதல் இறுதிவரை. அதாவது வகர வரிசை முழுவதும் அதில்தான். வயல், வரப்பு, வாய்க்கால், வடிகால், விதை, விளைச்சல், வைக்கோல் என்று உழவனின் சொற்களில் பாதி வகரத்தில்தான் தொடங்குகின்றன என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன்.

அப்பெரியவர் மெய்ப்புத் தாள்களைப் பலரிடம் காட்டி ஐயந்தீர்த்துக்கொள்ளும் வழக்கமுடையவர். வகர வரிசையின் தாள் ஒன்றேனும் உங்களில் யாருடைய வீட்டுப் பரணிலேனும் இருக்கலாம். ஒரு பக்கம் கிடைத்தாலும் அதைக் கோப்போடு ஒப்பிட்டு எழுத்துருவின் அட்டவணையை வருவித்துவிடலாம் என்று அவ்விளைஞர்கள் சொல்கின்றனர். அவர்கள் இருவரும் அந்தக் கடைசி வரிசையில் கணினியோடு உட்கார்ந்திருக்கின்றனர். உங்கள் பழைய நெகிழ்வட்டு, குறுவட்டு எவையிருந்தாலும் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை இதே கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். எந்தக் கடையில், எந்த ஆண்டில் அடித்தது என்று நினைவிருந்தால் அதையும் உறைமேல் எழுதிக் கொண்டுவாருங்கள்.